ஃபர்னஸ் போர்டுல எரிஞ்ச 3 ஆம்ப் ஃப்யூஸ்: என் அனுபவம்
டொரொன்டோல ஜனவரி குளிரு, காலைல எந்திரிச்சா வீட்டுச் சூட்ட கன்ட்ரோல் பண்ற தெர்மோஸ்டாட் ஸ்க்ரீன் காலி, வீட்ட சூடாக்குற கேஸ் மெஷின் ஃபர்னஸ்ல சத்தமே இல்ல. கேஸ் வாடை அடிச்சிருந்தா எதையும் தொடாம வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போயிருப்பேன், நல்லவேளை அது இல்ல.

சுவிட்சு, பிரேக்கர் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு, கதவக் கழட்டி மீட்டர் வச்சு கரன்ட் இல்லன்னு பாத்துட்டுதான் கை வச்சேன். உள்ள இருக்கற சர்க்யூட் போர்டுல, கார்ல வர்ற மாதிரி ஊதா கலர் 3 ஆம்ப் ஃப்யூஸ் எரிஞ்சு கிடந்துச்சு, புதுசு போட்டு கதவ மூடி ஆன் பண்ணா அதுவும் போச்சு. அதிக ஆம்ப் ஃப்யூஸ் போடலாம்னு தோணும், தயவுசெஞ்சு வேணாம், டிரான்ஸ்ஃபார்மரே எரிஞ்சிடும்.

மறுபடி ஆஃப் பண்ணி தெர்மோஸ்டாட்டுக்குப் போற 24 வோல்ட் சிவப்பு ஒயர கழட்டிட்டு, இன்னொரு 3 ஆம்ப் ஃப்யூஸ் போட்டு ஆன் பண்ணிப் பாத்தேன், எரியாம நின்னுச்சு. அந்த ஒயர் உள்ள நுழையற ஓட்டைல தகரம் உரசி தோல் உரிஞ்சிருந்துச்சு, அதான் தகரத்துல பட்டு ஷார்ட் ஆகிருக்கு. மறுபடி ஆஃப் பண்ணி, புது ஒயர் இழுத்து ஓட்டைல ரப்பர் வளையம் போட்டேன், இப்ப ஃபர்னஸ் ஓடுது.