ஓட ஆரம்பித்ததும் மூச்சு வாங்குகிறதா?

இரண்டே நிமிடத்தில் மூச்சிரைத்தால் பெரும்பாலும் வேகம்தான் காரணம். எனக்குச் சரிப்பட்டு வந்த முறை: முதல் 5 நிமிடம் நடை. பிறகு 1 நிமிடம் மெதுவோட்டம், 2 நிமிடம் நடை என்று 6 சுற்று. கடைசியில் 5 நிமிடம் மெல்ல நடை. வாரத்துக்கு 3 நாள் போதும்.

ஓடும்போதே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். சொல்லுக்குச் சொல் மூச்சு இழுத்தால் வேகத்தைக் குறையுங்கள். பக்கத்தில் நடப்பவர் முந்திப் போனாலும் பரவாயில்லை (கூச்சமாகத்தான் இருக்கும்).

முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு ஓரமாக வலி வந்தால், தூரத்தைச் சட்டென்று கூட்டியிருப்பீர்கள், அல்லது காலை எட்டி வைக்கிறீர்கள். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழுகிற மாதிரி சிற்றடியாக வையுங்கள். ஒரே புள்ளியில் விரல் பட்டாலே சுளீரென்றால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் என்றால் உடனே.