வெனிஸில் இரண்டு இரவு: சென்னையில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு

வெனிஸ் போகத் திட்டம் போட்டிருந்தால் முதலில் இதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்: இரவு அந்தத் தீவுக்குள்ளேயே தங்க வேண்டும். வாடகை மிச்சமாகும் என்று பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேவில் அறை போட்டுவிட்டு, பகலில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவது வேண்டாம்.

நாங்கள் முதல் முறை போனது ஒரு பேக்கேஜ் டூரில். காலை பத்து மணிக்குத் தீவின் ஓரத்தில் பேருந்து இறக்கிவிட்டது. அங்கிருந்து படகில் சான் மார்க்கோ சதுக்கம், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஓட்டம், ஒரு கண்ணாடிப் பட்டறை, ஐந்து ஐந்து பேராகக் கோண்டோலா என்கிற துடுப்புப் படகில் அரை மணி நேரம், மூன்று மணிக்குத் திரும்பவும் பேருந்து. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நடந்த மாதிரிதான் இருந்தது. பெரிய ஏமாற்றம். நாலு வருஷம் கழித்து, பத்தாவது கல்யாண நாளுக்கு, ஆயுத பூஜை லீவை ஒட்டி நானும் மனைவியும் தனியாகப் போய் இரண்டு இரவு தங்கினோம். அதே ஊர் என்று நம்பவே முடியவில்லை. பகலில் வந்து போகிற கூட்டம் சாயங்காலம் ஆறு ஏழு மணிக்குள் கிளம்பிவிடுகிறது. அந்தத் தீவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களோ ஐம்பதாயிரம் பேருக்கும் குறைவு. கார் கிடையாது, பைக் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சந்தில் நின்றால் சுவரில் தண்ணீர் மோதுகிற சத்தமும், எங்கோ ஒருவர் நடந்து போகிற செருப்புச் சத்தமும்தான். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் போக வேண்டும்.

சரி, போவது எப்படி. சென்னையில் இருந்து வெனிஸுக்கு நேரடி விமானம் இல்லை; துபாய், தோஹா போன்ற ஊர்களில் மாறிப் போகலாம். ஆனால் வெனிஸுக்கு மட்டும் என்று போகிறவர்கள் குறைவு. ரோம், ஃப்ளோரன்ஸ் பார்த்துவிட்டு ரயிலில் வருவதுதான் நல்லது, ரோமில் இருந்து அதிவேக ரயிலில் நாலு மணி நேரம். இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடை லீவுக்குப் போகிறவர்கள் மார்ச் வரை காத்திருக்காதீர்கள், அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடாகிவிடும்.

ரயிலில் வரும்போது மெஸ்த்ரேவில் இறங்கிவிடாதீர்கள். அதன் பேரிலும் வெனிஸ் என்று ஒட்டிக்கொண்டிருக்கும், பெட்டியில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள், நமக்கும் பதற்றம் வரும். உட்கார்ந்தே இருங்கள். அதற்கடுத்து ரயில் 1846-இல் கட்டிய பாலத்தின் மேல் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் தண்ணீருக்கு நடுவே போகும், பாம்பன் ஞாபகம் வரும். கடைசி நிலையம் சான்டா லூசியா. வாசலைத் தாண்டிப் படியில் இறங்கினால் சாலை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கால்வாய் ஓடுகிறது, ஆட்டோ ஸ்டாண்ட் மாதிரி படகுத்துறை. என் மனைவி அந்தப் படியிலேயே பெட்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. வெனிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் தீவுகள், நானூறுக்கும் மேல் பாலங்கள், பாலம் என்றால் பெரும்பாலும் படிக்கட்டு. முப்பது கிலோ சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு நாலு பாலம் ஏறி இறங்கினால் அன்றைய காதல் அங்கேயே முடிந்துவிடும். ஆளுக்கு ஒரு முதுகுப்பை போதும். அறை எடுக்கும்போது எந்தப் படகு நிறுத்தத்துக்குப் பக்கம், அங்கிருந்து எத்தனை பாலம் என்று கேட்டு எடுங்கள். சான் மார்க்கோவை ஒட்டி வேண்டாம், விலையும் கூட்டமும் அதிகம். கன்னரேஜியோ, டோர்சோதுரோ இரண்டும் நல்ல பகுதிகள், சனங்கள் குடியிருக்கிற தெருக்கள். நகர வரி என்று ஆளுக்கு, ஒரு இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டலில் தனியாக வாங்குவார்கள், அது எல்லோருக்கும் உள்ளது.

2024-இல் இருந்து நுழைவுக் கட்டணம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை அறிவித்த சில நாட்களில், காலை எட்டரை முதல் மாலை நாலு மணிக்குள் வருகிற பகல் பயணிகளுக்கு மட்டும். தீவில் தங்குகிறவர்கள் கட்ட வேண்டாம், ஆனால் இணையத்தில் பதிந்து விலக்குக்கான கியூஆர் கோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நம் மே மாத லீவு இதற்குள் வருகிறது.

ஊருக்குள் போய்வர வப்போரெட்டோ, அதாவது பஸ் மாதிரி ஓடுகிற படகு. ஒரு முறைக்கான டிக்கெட் ஒன்பதரை யூரோ, 75 நிமிடம் செல்லும்; ஒரு நாள் பாஸ் 25 யூரோ. இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஏறுவதாக இருந்தால் பாஸ்தான். ஏறுவதற்கு முன் துறையில் இருக்கும் கருவியில் டிக்கெட்டைக் காட்டிச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள், மறந்தால் அபராதம். இதில் முதலாம் எண் படகுதான் முக்கியம். பெரிய கால்வாய் முழுக்க, ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோமீட்டர், நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும். இருட்டின பிறகு ஒரு முறை கட்டாயம் ஏறுங்கள். இரண்டு பக்கமும் பழைய மாளிகைகளில் விளக்குப் போட்டிருப்பார்கள், ஜன்னல் வழியாக மேல்மாடியின் உத்தரமும் சரவிளக்கும் தெரியும், ரியால்டோ பாலம் தலைக்கு மேலே நிதானமாக வந்து போகும்.

கோண்டோலா ஏறலாமா? ஏறலாம், ஆனால் விவரம் தெரிந்து ஏறுங்கள். நகராட்சி வைத்த விலை பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. இது படகுக்கான விலை, ஆளுக்கு இல்லை; அதிகபட்சம் ஐந்து பேர். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலும் ஒன்பதாயிரம். அவ்வளவு கொடுத்துப் பெரிய கால்வாயில் மோட்டார் படகுகளின் அலையில் ஆடிக்கொண்டு போகாதீர்கள். உள்ளே தள்ளி ஏதாவது சின்னப் பாலத்தடியில் நிற்பவரிடம் போய், சந்துக் கால்வாய்களில் மட்டும் கூட்டிப் போகச் சொல்லிக் கேளுங்கள். படகு நேராக இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள்: இருக்காது. ஒரே ஆள் ஒரு பக்கமாக நின்று ஒரே துடுப்பில் தள்ளுவதால், படகு வட்டமடிக்காமல் இருக்க இடது பக்கத்தை வலதைவிட அகலமாகச் செய்கிறார்கள். டோர்சோதுரோவில் சான் த்ரோவாஸோ பட்டறைக்கு எதிர்க்கரையில் நின்றால் இவற்றைச் செப்பனிடுவதைப் பார்க்கலாம். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் ட்ரகெட்டோ இருக்கிறது, பெரிய கால்வாயின் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு விடுகிற படகு, இரண்டு யூரோ, இரண்டு மூன்று நிமிடம். நாங்கள் ரியால்டோ சந்தைப் பக்கம் அதில்தான் மூன்று தடவை அக்கரைக்கும் இக்கரைக்கும் போனோம்.

அந்தச் சந்தைக்குக் காலையில் போங்கள். ஞாயிறும் திங்களும் மீன் கடை கிடையாது. காசிமேடு பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அளவில் சின்னதுதான், ஆனால் கணவாயும் நண்டும் பரப்பி வைத்திருக்கிற அழகும், அந்தப் பழைய தூண் மண்டபமும் மனதில் நிற்கும்.

சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். இது கடல் ஊர். பிகோலி இன் சால்சா என்று மெனுவில் வெறும் வெங்காயக் குழம்பு போட்ட நூடுல்ஸ் மாதிரித் தெரியும், அதில் உப்பிட்ட மீனைக் கரைத்திருப்பார்கள். ரிசோட்டோவை மீன் சாறிலோ கறிச் சாறிலோ வேக வைப்பது வழக்கம். அதனால் ‘சென்சா கார்னே, சென்சா பேஷே’ என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று அர்த்தம். தக்காளியும் துளசியும் போட்ட பாஸ்தா, மார்கரிட்டா பீட்சா, காய்கறி வைத்த முக்கோண சாண்ட்விச் இவை எங்கும் கிடைக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிக்கெட்டி இருக்கிறது: ரொட்டித் துண்டின் மேல் மீனோ பாலாடைக்கட்டியோ வைத்துத் தருகிற சின்னத் தின்பண்டம், கடைக்குக் கடை இரண்டு மூன்று வாங்கி நின்றுகொண்டே சாப்பிடலாம். காபியும் நின்று குடித்தால் விலை குறைவு, உட்கார்ந்தால் கூடும், சான் மார்க்கோ சதுக்கத்தில் பாட்டு வாசிக்கிற கடையில் உட்கார்ந்தால் பாட்டுக்கும் சேர்த்துப் பில் வரும். தெருவோரக் குழாய்களில் வருவது நல்ல குடிதண்ணீர், பாட்டில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். சான் மார்க்கோ தேவாலயத்துக்கு முன்பதிவு செய்து போங்கள், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மணிக்கூண்டு 1902-இல் இடிந்து விழுந்து 1912-இல் அப்படியே திரும்பக் கட்டியது. அதன் வரிசை நீளமாக இருந்தால் எதிரில் சான் ஜோர்ஜோ மஜோரே தீவின் கோபுரத்துக்குப் போய்விடுங்கள், அங்கிருந்து பார்த்தால் சான் மார்க்கோவும் சேர்ந்தே தெரியும். பெருமூச்சுப் பாலத்தடியில் எல்லா ஜோடியும் படம் எடுக்கும். அது அரண்மனையில் இருந்து சிறைக்குக் கைதிகளைக் கூட்டிப் போன பாலம் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

மாலை வெயில் இறங்கும்போது அக்காதெமியா மரப்பாலத்தில் நில்லுங்கள். கிழக்கே கால்வாய் முடிகிற இடத்தில் சலூத்தே தேவாலயத்தின் கூரை தெரியும். 1630-இல் வந்த கொள்ளைநோய் தணிந்ததற்கு நன்றியாக நேர்ந்துகொண்டு கட்டியது. நம்மூரில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வது மாதிரிதானே என்றாள் மனைவி. அப்புறம் போனை உள்ளே வைத்துவிட்டு நடங்கள். குறுகின சந்துகளில் வரைபடம் எப்படியும் குழம்பும். சுவர்களில் ரியால்டோ, சான் மார்க்கோ, ரயில் நிலையம் என்று மஞ்சள் பலகைகள் இருக்கின்றன, தீவு சின்னது, எங்கே தொலைந்தாலும் அரை மணியில் தெரிந்த இடத்துக்கு வந்துவிடலாம். எங்களுக்குக் கிடைத்த நல்ல நேரமெல்லாம் தொலைந்தபோது கிடைத்ததுதான். ஒரு முட்டுச்சந்தின் முனையில், நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிற பாசிப் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் வீடு மயிலாப்பூரில், பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி. அந்தக் காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டு அதில் படகு வரும் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் பறக்கும் ரயிலின் தூண்களும் கறுப்புத் தண்ணீரும்தான். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது பாட்டி சொன்ன கால்வாய் முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

படியில் உட்கார்ந்ததைச் சொன்னேன், சான் மார்க்கோவில் அப்படிச் செய்யாதீர்கள். அங்கே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம், புறாவுக்குத் தீனி போட்டால் அபராதம், கால்வாயில் இறங்கிக் குளித்தால் பெரிய அபராதம்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். நம்மூர்ப் புழுக்கமும் கொசுவும் அங்கேயும் உண்டு. அக்டோபரில் இருந்து குளிர்காலம் வரை கடல் ஏறி ஊருக்குள் வரும். 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் ஏறியது. 2020-இல் இருந்து கடல் வாய்களில் 78 இரும்புக் கதவுகளைத் தூக்கிப் பெரிய வெள்ளத்தைத் தடுக்கிறார்கள், ஆனாலும் தாழ்வான இடங்களில் கணுக்கால் அளவு நிற்கலாம், நடக்கப் பலகை போட்டிருப்பார்கள். டிசம்பர் மழையில் வேளச்சேரி பார்த்தவர்கள் பயப்பட மாட்டீர்கள், ரப்பர் செருப்பு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

இரண்டாவது நாள் நேரம் இருந்தால் ஃபோந்தமென்தே நோவே துறையில் இருந்து பன்னிரண்டாம் எண் படகில் புரானோ போய் வாருங்கள், முக்கால் மணி நேரம், வீட்டுக்கு வீடு வேறு வண்ணம். பாஸ் இருந்தால் தனிச் செலவில்லை. நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கிளம்புகிற அன்று காலை ஆறரைக்கு எழுந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். நாங்கள் போனபோது குப்பை அள்ளுகிற இருவரும், துறையில் கட்டி வைத்த கோண்டோலாக்களும், நாங்களும் மட்டும்தான் இருந்தோம். அப்புறம் விமான நிலையத்துக்கு பியாஸ்ஸாலே ரோமாவில் பேருந்து, இருபது இருபத்தைந்து நிமிடம்; படகு பாஸ் அதற்குச் செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.