மனக்கணக்கைக் கச்சான் கடையிலிருந்து தொடங்குதல்

"எனக்குக் கணக்கு ஓடாது, சேர்" என்று ஒன்பதாம் தரத்தில் படித்த ஒரு மாணவன் என்னிடம் சொன்னான். வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தகப்பனோடு கச்சான் (நிலக்கடலை) கடை போடுகிறவன் அவன். கிலோ 640 ரூபா என்றால் ஒன்றரைக் கிலோவுக்கு எவ்வளவு வாங்குவாய் என்று கேட்டேன். "640, பாதி 320, 960" என்று நான் கேட்டு முடிக்குமுன்னரே விடை வந்தது. அதே கணக்கை 640 × 1.5 என்று கரும்பலகையில் எழுதியபோது பேனையைக் கீழே வைத்துவிட்டான். ஆகவே, பிள்ளைக்கு மனக்கணக்கின் குறுக்குவழி கற்பிக்க விரும்புகிறவர், அந்தப் பிள்ளை ஏற்கெனவே வாயால் செய்யும் கணக்கை அதன் சொற்களிலேயே விளக்கச் சொல்லி, அவ்விளக்கத்தை வரிக்கு வரி கொப்பியில் எழுதிக் காட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். நேரம் பார்க்கும் போட்டிகளை முதல் சில வாரங்களுக்கு நடத்தாமல் தள்ளி வையுங்கள்.

கொப்பியில் ஒன்றினிடத்திலிருந்து கூட்டுகிறோம். மனத்தில் பெரிய இடத்திலிருந்து கூட்டுவதே இலகு. 385 உடன் 247 ஐக் கூட்டும்போது 585, 625, 632 என்று மூன்று படிகளில் விடை வந்துவிடும். கழித்தலுக்குச் சந்தையில் மீதிக்காசு எண்ணித் தருபவரைப் பின்பற்றுங்கள்: 367 ரூபாவுக்கு 1000 ரூபாத் தாள் கொடுத்தால், 370 ஆக்க 3, 400 ஆக்க 30, 1000 ஆக்க 600, மொத்தம் 633. கடன் வாங்கிக் கழிக்கும் வேலையே இதில் இல்லை.

பெருக்கலில் முதலில் பழக்க வேண்டியது இரட்டித்தலும் பாதியாக்கலும் ஆகும். யாழ்ப்பாணத்து உறவினர் காணியைப் 'பரப்பு' என்ற நில அளவில் கேட்பார். நாம் ஏக்கரில் சொல்வோம். ஓர் ஏக்கர் 16 பரப்பு என்பதால், ஏக்கரை நான்கு முறை இரட்டித்தால் போதும்: மூன்றரை, 7, 14, 28, 56. (நம் முன்னோர் கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களைப் பாதி பாதியாகவே பெயரிட்டு வைத்தார்கள். மாகாணி என்பது பதினாறில் ஒன்று. அந்தக் கணக்கில் ஒரு பரப்பு, ஏக்கரில் ஒரு மாகாணி.) ஒன்றை இரட்டித்து மற்றதைப் பாதியாக்கினால் பெருக்கம் மாறாது என்பது விளங்கிய பிள்ளைக்கு 48 × 25 என்பது 24 × 50 ஆகி, பின் 12 × 100 ஆகி, 1200 என்று நிற்கும். 398 × 6 போன்றவற்றுக்கு, 400 × 6 ஆன 2400 இலிருந்து 12 ஐக் குறைத்தால் 2388.

காரணம் சொல்லாமல் கொடுக்கும் வித்தை ஒருநாள் பிழையாகப் போகும். 11 ஆல் பெருக்க இரண்டு இலக்கங்களின் கூட்டுத்தொகையை நடுவில் எழுதினால் போதும் என்று ஒருமுறை நான் அவசரத்தில் சொல்லிவிட்டேன். மறுநாள் 47 × 11 என்பதற்குப் பல கொப்பிகளில் 4117 என்று இருந்தது. 470 உடன் 47 ஐக் கூட்டுகிறோம் என்று சொல்லியிருந்தால் 517 தவிர வேறு விடை வந்திருக்காது.

5 இல் முடியும் எண்ணின் வர்க்கத்தை அதனால் நான் இப்போது கத்தரிக்கோலோடுதான் கற்பிக்கிறேன். சதுரக் கொப்பித் தாளில் பக்கத்துக்கு 35 கட்டமாக ஒரு சதுரம் வரைந்து வெட்டுங்கள். வலப்புறத்தில் 5 கட்ட அகலமான ஒரு கீலத்தை வெட்டி எடுத்தால், 30 அகலமும் 35 உயரமும் கொண்ட துண்டு எஞ்சும். கீலத்தில் 30 கட்ட நீளத்தை வெட்டி, அந்தத் துண்டின் தலையில் படுக்கையாக ஒட்டினால் அது 30 க்கு 40 என்ற செவ்வகமாகும்; கையில் மிஞ்சுவது பக்கத்துக்கு 5 கட்டமான ஒரு சின்னச் சதுரம். 30 × 40 உடன் 25 ஐக் கூட்ட 1225. அடுத்து 65 ஐக் கேளுங்கள். தாளைத் தொடாமலே 60 × 70 உம் 25 உம் என்று 4225 ஐச் சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை தன் விடையைத் தானே சரிபார்க்கவும் பழக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஆசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இலக்கங்களைக் கூட்டி ஓரிலக்கமாக்கும் சோதனை நல்லது: மேலே பார்த்த 48 × 25 இல் 48 என்பது 12 ஆகி 3 ஆகும், 25 என்பது 7 ஆகும், அவற்றின் பெருக்கமான 21 உம் 3 ஆகும், விடையான 1200 உம் 3 தருகிறது. தராவிட்டால் விடை நிச்சயமாகப் பிழை. ஆனால் 2100 என்று இடம் மாற்றி எழுதினாலும் அதே 3 தான் வரும் என்பதால், 48 ஐ 50 ஆக எடுத்து, விடை 1250 க்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே மதிப்பிட்டு ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.