வரைபட வண்ணங்களை நிரல்வழி அமைக்கும்போது கவனிக்க வேண்டியது

மக்கள் தொகை அடர்த்தி போன்ற எண்தரவை வரைபடத்தில் காட்ட இரு முனை வண்ணங்களைத் தேர்ந்து, இடைப்பட்டவற்றை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மதிப்புகளின் சராசரியாகக் கணக்கிடுவதே பலரும் முதலில் எழுதும் நிரல். அவ்வாறு பெறும் படிகள் எண்ணளவில் சம இடைவெளியில் இருந்தாலும் கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு மங்கிய சாம்பல்கூட வந்து நிற்கும்.

இதற்கு மாறாக, மனிதப் பார்வையை ஒட்டி 1976இல் வகுக்கப்பட்ட சிஐஇ லேப் என்னும் வண்ண வெளியிலோ (வண்ணங்களை எண்களால் குறிக்கும் முறை), 2020இல் வெளிவந்த ஓகேலேப் வெளியிலோ இடைப்பட்ட வண்ணங்களைக் கணக்கிடும் இடைக்கணிப்பைச் செய்வது நல்லது. ஐந்து வகுப்புகள் வேண்டுமெனில், சிஐஇ லேபில் ஒளிர்வை (0 கருப்பு, 100 வெள்ளை) 92, 77, 62, 47, 32 எனப் பதினைந்து பதினைந்தாகக் குறைத்து, சாயலைச் சற்றே நகர்த்தினால் போதும். இரு முனைகளிலும் வண்ணச் செறிவைக் குறைக்க மறந்தால், திரை காட்ட இயலாத வண்ணங்கள் வெட்டப்பட்டுப் படிகள் மீண்டும் குலையும்; பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன.

பைத்தான் நிரல்மொழியில் வரைபடங்கள் வரைய உதவும் மேட்பிளாட்லிப் நூலகம் தன் 2.0 பதிப்பிலிருந்து இயல்பிருப்பாகக் கொண்டுள்ள விரிடிஸ் என்னும் வண்ணத் தட்டும் ஒளிர்வு சீராக மாறும்படி அமைந்ததே. சிவப்பு, பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பும் தட்டு நிறக்குறைபாடு உள்ளோருக்குப் பயன்படாது; ஒளிர்வு ஒரே திசையில் மாறினால் அவர்களும் வரிசையைப் படித்துவிடுவர். தரவு இல்லாத பகுதிகளுக்குத் தட்டில் இடம்பெறாத ஒரு சாம்பலைத் தனியே ஒதுக்குங்கள். வெள்ளையாக விட்டால் அது மிகக் குறைந்த மதிப்பாகவே தோன்றும்.