ஒரே ஒயரில் டார்ச் பல்பை எரிய வைப்பது எப்படி?

ஆறாம் வகுப்புக்கு மின்சுற்று பாடம் எடுக்கும்போது நான் கரும்பலகைப் பக்கமே முதலில் போவதில்லை. ஒரு செல், ஒரு டார்ச் பல்பு, ஒரு சாண் ஒயர். மூன்றையும் கையில் கொடுத்து, "எரிய வைங்க பாக்கலாம்" என்பேன். வீட்டில் பிள்ளைகளோடு உட்காருகிறவர்களும் இப்படியே தொடங்கலாம்.

கடையில் 1.5 வோல்ட் பெரிய செல்லும் 2.5 வோல்ட் டார்ச் பல்பும் கேளுங்கள். எல்.இ.டி. வேண்டாம், கண்ணாடிக்குள் மெல்லிய இழை தெரிகிற பழைய குண்டு பல்புதான் இதற்குச் சரி. ஒயரின் இரு முனையிலும் ஒரு விரற்கடைக்கு உறையை உரித்துவிடுங்கள்.

ஒரு வருஷம் ஒரு மாணவி பழைய மோட்டாரில் இருந்து பிரித்த செம்புக் கம்பியைக் கொண்டுவந்தாள். பளபளவென்று வெறும் கம்பி மாதிரியே இருந்தது. பல்பு எரியவில்லை. செல்லை மாற்றினேன், பல்பை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தவள் அவள்தான்: "சார், இதுல பெயிண்ட் மாதிரி ஒண்ணு இருக்கு!" மோட்டார் கம்பிக்கு எனாமல் பூசியிருப்பார்கள், அது மின்சாரத்தை விடாது. முனையை உப்புத்தாளால் தேய்த்ததும் எரிந்தது. அன்றிலிருந்து உப்புத்தாள் என் பையிலேயே இருக்கிறது.

பிள்ளைகள் பெரும்பாலும் ஒயரின் ஒரு முனையைச் செல்லிலும் மறு முனையைப் பல்பின் அடியிலும் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். பல்பைத் திருப்பிக் காட்டுங்கள். அடியில் ஈயப்பொட்டு, அதைச் சுற்றிக் கறுப்பு வளையம், அதற்கு மேல் மரையுள்ள உலோகக் கூடு. இழையின் ஒரு முனை பொட்டோடும் மறு முனை கூட்டோடும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒட்டாமல் பிரித்து வைப்பது அந்தக் கறுப்பு வளையம். மின்சாரம் ஒன்றின் வழியாக உள்ளே போய் இன்னொன்றின் வழியாக வெளியே வந்தாக வேண்டும்.

இப்போது பொட்டைச் செல்லின் குமிழ் மேல் நிறுத்தி, செல்லின் தட்டை அடியில் இருந்து ஒயரைக் கொண்டுவந்து கூட்டைத் தொட்டால் எரியும். செல்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் எரியும். பொட்டும் கூடும் இடம் மாறினாலும் எரியும். மொத்தம் நான்கு வழி. நான்கையும் அவர்களே தேடட்டும்.

பல்பு இல்லாமல் ஒயரை மட்டும் செல்லின் இரு முனையிலும் வைத்தால் ஒயர் சுடும், உடனே எடுத்துவிட வேண்டும். வீட்டு பிளக்கில் இருப்பது 230 வோல்ட், உயிருக்கே ஆபத்து. அதில் இந்தச் சோதனை கூடவே கூடாது என்பதை ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த நாள் இரண்டு பல்பு. வரிசையாகக் கோத்தால் இரண்டும் மங்கும், ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். தனித்தனி ஒயரில் செல்லோடு இணைத்தால் ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். நம் வீட்டு விளக்குகள் இந்த இரண்டாவது வகை.

இதெல்லாம் முடிந்த பிறகு நோட்டில் படம் வரையச் சொல்லுங்கள். பல்புக்குப் போடும் வட்டத்தின் இரு பக்கமும் கோடு எதற்கு என்று என் வகுப்பில் அப்புறம் யாரும் கேட்டதில்லை.