புயல் இல்லாத மாதங்களிலும் தெருக்காரர்களைச் சேர்த்துவைப்பது எப்படி?

கடலூர்க்காரர்களுக்கு உதவி செய்யக் கற்றுத்தர வேண்டியதில்லை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று ஊரே இதில் தேறிப்போயிருக்கிறது. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணையில் தண்ணீர் ஏறுகிறது என்றால் போதும், கல்யாண மண்டபத்தைத் திறந்து அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை. தண்ணீர் வடிந்ததும் கூட்டமும் வடிந்துவிடும். அப்புறம் அடுத்த கார்த்திகை வரை அவரவர் கதவு, அவரவர் டிவி.

திருப்பாப்புலியூரில் தையல்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் இடைப்பட்ட மாதங்களிலும் ஏதோ ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி என்று துணி வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்.

வடலூர் போயிருப்பீர்கள். சத்திய தருமச்சாலையில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்கக் கூட்டம் அலைமோதும், சரி. ஆனால் ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலும் யாரோ ஒருவர் விறகு வைக்கிறாரே, அடுப்பு அவரால்தான் எரிகிறது. நம் தெருவுக்கும் அப்படி முறைபோட்டு வைத்த ஆள்தான் வேண்டும். இரக்கம் எல்லோரிடமும் இருக்கிறது, முறைதான் இல்லை.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். எங்கள் நோட்டு கடையில் அளவு டேப் மாட்டும் ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறது. பக்கத்துக்கு நாலு கட்டம்: என்ன வேலை, யார், எந்தக் கிழமை, அவர் வராவிட்டால் யார். நாலாவது கட்டம் காலியாக இருக்கும் வேலையைத் தொடங்காதீர்கள். காய்ச்சல் வரும், மகள் பிரசவம் வரும், அன்றோடு அந்த வேலை படுத்துவிடும். வாட்ஸ்அப் குழு இருக்கட்டும், ஆனால் அதில் எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நோட்டில் தன் கையால் பெயர் எழுதியவர்தான் வருவார்.

ஆள் கேட்கிற விதமும் முக்கியம். “சேவை செய்ய வர்றீங்களா?” என்று கேட்டால் எல்லோரும் “வர்றேங்க்கா” என்பார்கள். வர மாட்டார்கள். “தம்பி, காலையில பஸ்ஸுக்கு முனைக்குத்தானே போற? போறப்ப பானையில ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டுப் போ. சித்திரை முடியிற வரைக்கும். ஞாயித்துக்கிழமை வேணாம்” என்று கேட்டுப் பாருங்கள். “சரிக்கா” என்பான், ஊற்றவும் செய்வான். வேலை அவன் போகிற வழியில் இருக்க வேண்டும், அதற்கு ஒரு முடிவுநாளும் இருக்க வேண்டும்.

பானை என்றதும் நினைவு வருகிறது. தண்ணீர்ப்பந்தல் திறந்து படம் பிடித்த மூன்றாம் நாள் பானையில் பாசி பிடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மணல் கொட்டி அதன்மேல் பானையை வையுங்கள். இறுக்கமான மூடி போடுங்கள், இல்லையென்றால் கொசுப்புழுதான் மிஞ்சும். கையை உள்ளே விடாதபடி நீளக் கரண்டி ஒன்று, சங்கிலி போட்டு ஒரு எவர்சில்வர் டம்ளர். ஒருநாள் விட்டு ஒருநாள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவ ஒரு ஆள். ஊற்றுகிறவரும் கழுவுகிறவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

வருஷத்தை நாங்கள் தமிழ் மாதத்தில்தான் பிரித்திருக்கிறோம். மக்களுக்கு அதுதான் ஞாபகம் இருக்கிறது. தையில் வடலூருக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர். மாசி மகத்துக்கு மறுநாள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது. ஆடியில் அம்மன் கோயில் கூழுக்கு, பிளாஸ்டிக் டம்ளருக்குப் பதில் வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கிய சொம்பு. இதெல்லாம் எளிது. வைகாசியும் புரட்டாசியும்தான் யோசித்துச் செய்ய வேண்டியவை.

வைகாசி, ரத்தத்துக்கு. தலைவர் பிறந்தநாள், சுதந்திர தினம் என்று ஒரே நாளில் வரிசையில் நின்று கொடுத்துவிடுகிறோம். எடுத்த ரத்தம் 35 முதல் 42 நாள்தான் தாங்கும், அதில் பிரிக்கிற தட்டணுவுக்கு (பிளேட்லெட்) 5 நாள்தான் ஆயுசு. கோடையில் கல்லூரிக்கு லீவு விட்டுவிடுவதால் கொடுக்க ஆள் குறையும், தேவை மட்டும் குறையாது. அதனால் தெருவில் கொடுக்கக்கூடியவர்களை நாலு கூறாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு மாதம் எழுதி வைத்தோம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். 18 வயதும் 45 கிலோ எடையும் ஆகியிருக்க வேண்டும், மற்றதை ரத்த வங்கியில் பார்த்துச் சொல்வார்கள். முதல்முறை போகிற பிள்ளைகளோடு ஏற்கெனவே கொடுத்த ஒருவர் துணைக்குப் போகட்டும், பாதி பயம் அதில் போய்விடும்.

புரட்டாசி, மழைக்கு முன். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார், இன்சுலின் போடுகிறவர் யார், மாடிவீட்டில் இடம் தருகிறவர் யார் என்று எழுதி முடிக்கிற மாதம். துணியும் இப்போதே. சுனாமிக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்து ரோட்டோரம் குவிந்து கிடந்தது. தையல்காரி என்கிற முறையில் சொல்கிறேன்: அடுத்தவர் ரவிக்கை யாருக்கும் சேராது. புடவை மட்டும் கொடுத்தால் உள்ளே கட்டப் பாவாடை வேண்டாமா? ஆடித் தள்ளுபடியில் பாப்ளின் துணி மலிவாகக் கிடைக்கும், வாங்கி வையுங்கள். நேராக இரண்டு மூட்டு, மேலே நாடாக்குழல், அவ்வளவுதான் பாவாடை. தைக்கத் தெரிந்த பெண்கள் மதியத்தில் உட்கார்ந்து தைத்துவிடலாம். நாடாவைக் கோத்தே வையுங்கள், முகாமில் ஊக்கு தேட முடியாது. இதோடு நைட்டி, லுங்கி, துண்டு, நாப்கின். பாலிதீன் பையில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

உதவி வாங்குகிறவர்கள் என்று தனியாக ஒரு வரிசை உண்டாகிவிடக் கூடாது. இதில் நான் கண்டிப்பு. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு மாத்திரை வாங்கி வருவது நோட்டில் ஒரு வேலை. அதே நோட்டில் அந்தப் பாட்டிக்கும் ஒரு வேலை உண்டு: சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து அம்மாக்கள் வரும்வரை பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வது. வெள்ளம் வந்தால் படகோடு வருகிறவர்கள் மீனவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, விசைப்படகு போகாது, வருமானம் கிடையாது. அது முடிகிற நேரத்தில் பள்ளிக்கூடம் திறக்கும், செலவு வந்து நிற்கும். எல்லார் வீட்டுப் பழைய நோட்டிலும் எழுதாத தாள்களைப் பிரித்து, அட்டை வைத்து, மெஷினில் தடித்த ஊசி போட்டு நடுவில் ஒரு தையல் ஓட்டினால் நல்ல ரஃப் நோட்டு. ஆனியில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் சீருடைக்கு மடிப்புத் தைக்கும்போதே இதையும் கொடுத்துவிடுகிறேன்.

பணம் வசூலிக்காதீர்கள், பொருளாக வாங்குங்கள். பணம் வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் சண்டை வரும். வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்கவும் வேண்டாம். வேலை நன்றாக நடந்தால் யாராவது ஒரு பிரமுகர் தேடி வந்து பேனர் வைக்கிறேன் என்பார். விரட்ட வேண்டாம். “பேனர் எதுக்குண்ணே, அந்தக் காசுக்குப் பாப்ளின் வாங்கிக் குடுத்துடுங்களேன்” என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். வாங்கித் தருகிறவரும் உண்டு, அதோடு ஆளைக் காணாமல் போகிறவரும் உண்டு.