காட்டுச் செடிகளைக் கொண்டு வயல் மண்ணின் உலோக நஞ்சை நீக்கும் முறை

காட்மியம், ஈயம், ஆர்சனிக் போன்றவை மண்ணில் மக்கிப் போவதில்லை. செடி உறிஞ்சிய உலோகம், அறுத்த செடியோடு வயலை விட்டு வெளியேறினால்தான் மண்ணில் அதன் அளவு குறையும். ஆகவே இந்த முறையில் நடவைவிட அறுவடைக்கே கூடுதல் கவனம் தேவை.

முதலில் வயலில் பல இடங்களிலிருந்து மேல் 20 செ.மீ. மண்ணை எடுத்துக் கலந்து, எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் மண்ணின் கார அமில நிலையையும் ஆய்வகத்தில் அறிந்துகொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய வாளியோ மண்வெட்டியோ மாதிரியைக் கெடுத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் கருவிகளே நல்லவை.

அடுத்து, பயிர் கருகிய பகுதியிலும் செழித்து நிற்கும் காட்டுச் செடிகளை வேரோடு பிடுங்கி, வேரையும் தண்டு இலைகளையும் தனித்தனியே ஆய்வுக்கு அனுப்புங்கள். அனுப்புமுன் நன்றாகக் கழுவ வேண்டும். துத்தி போன்ற மயிரடர்ந்த இலையை விரலால் தேய்த்தால் கழுவிய பிறகும் நுண்மண் ஒட்டியிருப்பது தெரியும், அந்த மண்ணின் உலோகமும் செடியின் கணக்கில் சேர்ந்துவிடும். வேரைவிட இலையில் உலோகம் மிகுந்திருந்தால் அச்செடி மண்ணைத் தூய்மையாக்க உதவும். வேரிலேயே தங்கிவிட்டால், உலோகம் பரவாமல் நிலைநிறுத்த மட்டுமே பயன்படும். ஈயம் மிகுந்த நிலத்தில் வெட்டிவேர் நடுவது இதற்காகவே.

எல்லா உலோகத்துக்கும் ஒரே செடி பொருந்தாது. ப்டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி ஆர்சனிக்கைப் பெருமளவு இலைகளில் சேர்க்கிறது என்பது 2001-இல் வெளியானது. அது சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணை விரும்பும். காட்மியத்துக்கோ இதற்கு நேர்மாறாக, சற்றே அமிலத்தன்மை இருந்தால்தான் வேர் எளிதில் உறிஞ்சும். எனவே காட்மியத்தை நீக்கும் காலத்தில் சுண்ணாம்பு இடாதீர்கள்.

விதை முற்றுமுன், இலை உதிருமுன் அறுத்துவிடுங்கள். அறுத்ததைக் கால்நடைக்குப் போடவோ, உரக்குழியில் இடவோ, வெட்டவெளியில் எரிக்கவோ கூடாது. புகையோடும் சாம்பலோடும் நஞ்சு மீண்டும் பரவும். மூடி வைத்து உலர்த்தி, நச்சுக் கழிவைக் கையாளும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால், இந்த வேலையைத் தொடங்காமலிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

காலக்கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் 20 செ.மீ. ஆழ மண்ணின் எடை ஏறத்தாழ 2,600 டன். காட்மியத்தைக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் குறைக்க 2.6 கிலோ காட்மியம் வெளியேற வேண்டும். கிலோவுக்கு 100 மில்லிகிராம் சேர்க்கும் செடி ஆண்டுக்கு 5 டன் உலர் எடை தந்தால், போவது அரைக் கிலோதான். அதாவது ஐந்தாண்டுக்கு மேலாகும்.

மண் ஆய்வு முடிவு பாதுகாப்பான அளவைக் காட்டிய பிறகு சுண்ணாம்பு இட்டு, முதலில் நார்ப்பயிரைப் போடுங்கள். காட்மியத்தை எளிதில் ஈர்க்கும் கீரைகளைக் கடைசிக்கு ஒத்திவைத்து, உண்ணும் பகுதியை ஆய்ந்த பின்னரே சந்தைக்கு அனுப்புங்கள்.